நான் பார்க்காத நிறம்

இன்று காலை நம் ஆய்வகத் தொட்டியில் ஒரு மாணவி வாந்தி எடுத்தாள். அந்தப் புளித்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. நாற்றத்தோடு நீரும் நினைவுக்கு வந்துவிட்டீர்.

நீர் விலங்கியல் நடத்தினீர், நான் இயற்பியல். சங்கரன்கோவில் பள்ளியில் இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே தொட்டி. பதினெட்டு வருஷம் உம்முடைய தவளைகளோடு குப்பை கொட்டினேன். சாப்பாட்டு வேளையில் உமக்கு இரைப்பையைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நான் டிபன் டப்பாவைத் திறந்தால் போதும். "வாசம் மூக்குல பட்ட உடனே மூளை இரைப்பைக்குச் சொல்லிரும் வே. சோறு போறதுக்கு முன்னாடியே அங்கன அமிலம் ஊற ஆரம்பிச்சிரும்" என்பீர். சோறு போய் வயிறு விரிந்ததும் இன்னும் சுரக்குமாம். அமிலம் மிகுந்துவிட்டால் இரைப்பையே சுரப்பை அடக்கிக்கொள்ளுமாம். அந்த அமிலம் தன்னையே அரித்துவிடாமல் இருக்க, உள்சுவரில் சளிபோலக் கொழகொழவென்று ஒரு பூச்சு வேறு. அந்தக் கொழகொழப்பை விரலைத் தேய்த்துக் காட்டுவீர். எத்தனையோ நாள் தயிர்சோற்றை அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.

ஒருமுறை புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தது ஒத்துக்கொள்ளாமல் நீரே தொட்டியில் வாந்தி எடுத்தீர். எடுத்த கையோடு நீல லிட்மஸ் தாளை அதில் முக்கி, என் முகத்துக்கு நேரே நீட்டினீர். "செவந்துட்டு, பாத்தீரா வே?" மனிதன் செய்கிற காரியமா அது.

இவ்வளவு தெரிந்தவர், வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபத்தில் முழங்கால் போட முடியவில்லை என்று வலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினீர். அது உள்பூச்சைக் கெடுக்கும் என்று பிள்ளைகளுக்கு நடத்தியவரே நீர்தான். கேட்டதற்கு, "மாத்திரை சாப்பாட்டுல சேராது வே, உபவாசம் முறியாது" என்றீர். நான் கேட்டது உபவாசத்தைப் பற்றியா?

கடைசி வெள்ளிக்கிழமை அதே தொட்டியில் வாந்தி எடுத்துவிட்டு, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர். உமக்குக் கண் இருட்டிவிட்டது. "என்ன நெறம்னு பாரும் வே" என்றீர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்தேன். பார்க்கவே இல்லை. ஆனாலும், "மஞ்சத் தண்ணிதான், வெறும் பித்தம்" என்றேன்.

சாயங்காலம் டாக்டர், வாந்தி காப்பித்தூள் போலக் கறுப்பாக இருந்ததா என்று கேட்டார். உள்ளே கசிந்த ரத்தம் அமிலம் பட்டால் அப்படிக் கறுத்துவிடும் என்று உம் வாயாலேயே கேட்டிருக்கிறேன். நீர் என் பக்கம் கை காட்டினீர்.

"இல்ல டாக்டர். மஞ்சத் தண்ணிதான். சார் பாத்தாரு."

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஊசி போட்டு அனுப்பினார்கள். ஞாயிறு ஆராதனைக்கு நீர் உயிரோடு இல்லை.

வாந்தியைக் கண்டு குமட்டியவனுக்கு இப்போது தன்னை நினைத்தால்தான் குமட்டுகிறது. இன்று அந்தப் பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு குழாயைத் திறக்கப் போனாள். "கொஞ்சம் பொறு மக்கா" என்று தடுத்தேன். மூக்கைப் பொத்தாமல் குனிந்தேன். செரிக்காத இட்லியும் கொஞ்சம் தண்ணீரும் கிடந்தன.

மஞ்சள்தான். இந்த முறை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.