படத்துக்குக் கீழே ஒரு பாட்டில்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

வருகிற சனிக்கிழமை அப்பாவுக்கு முதல் வருஷ நினைவு நாள். சாவு வீட்டில் அப்பா படத்துக்கு முன்னால் நீ விழுந்து வணங்கப் போனாய். கிறிஸ்தவர்கள் செத்தவர்களை வணங்கக் கூடாது என்று எல்லார் முன்னாலும் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "உன் சாமி உன்னை அவுத்து விட்டுட்டு, என்னைக் கட்டிப்போட்டுடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் பூசான் நகரத்துக்குப் போனவள், இன்னும் வரவில்லை.

இந்த அன்டோங் ஊர் வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து, வருஷத்துக்குப் பன்னிரண்டு முன்னோர் படையலுக்குச் சமைத்தேன். ஆண்கள் வணங்கினார்கள், நான் அடுப்படியில் நின்றேன். சர்ச்சில்தான் முதல்முறையாக ஒருவர் என்னை உட்காரச் சொன்னார். அன்று அழுதேன். அந்த இடத்தை நான் விட மாட்டேன். ஆனால் என் மாமியார் என்னை அதட்டிய அதே குரலில்தான் அன்று உன்னை அதட்டினேன்.

அப்பா சர்ச்சுக்கு வந்ததே இல்லை. என்னைப் போகாதே என்றும் சொன்னதில்லை. "நான் செத்தா படையல்ல ஒரு கிளாஸ் சோஜூ சாராயமாவது ஊத்துவியாடி?" என்று சிரிப்பார். "பார்லி டீ வேணா ஊத்துறேன்" என்பேன்.

நேற்று கடைக்குப் போய் சோஜூ கேட்டேன். "சர்ச் அக்கா, நீங்களுமா?" என்று கடைக்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள். "எனக்கில்லடி, என் வீட்டுக்காரருக்கு" என்றேன். பிறகு மரியாதையாக இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.

பாட்டில் அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. நான் ஊற்ற மாட்டேன், வணங்கவும் மாட்டேன். பக்கத்தில் நின்று ஜெபம் செய்வேன். நீ வந்து ஊற்று. நீ குனியும்போது உன் கையைப் பிடிக்க மாட்டேன்.

உன் அம்மா