ஜீவமணி டாக்டரிடம் சொன்ன பொய்

உ

தூத்துக்குடி
சுபானு வருடம், மாசி 6

கொழும்பு மருந்துக்கடையில் கம்பவுண்டராயிருக்கும் மதிப்பிற்குரிய அத்தான் வன்னியபெருமாள் அவர்களுக்கு, உங்கள் தங்கை சண்முகத்தாயின் புருஷன் செந்தில்வேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. சண்முகத்தாய் உயிரோடிருக்கிறாள். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கார்த்திகையில் தொடங்கிய மூச்சிழுப்பு இந்த வருடம் விடவேயில்லை. வீட்டுக்குப் பின்னால் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி. யுத்தச் சரக்கு ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து பகல் முழுக்கத் தூசி. பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் சொன்னபடி காய்ந்த ஊமத்தை இலையைக் கொளுத்திப் புகை பிடிக்கக் கொடுத்தோம். நெஞ்சு கொஞ்சம் இளகியது. ஆனால் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது, கண் மங்கியது. ஒரு நாள் என்னையே யாரென்று கேட்டாள். அத்தோடு நிறுத்திவிட்டேன்.

பிறகுதான் நீங்கள் தோணியில் அனுப்பிய எபிட்ரின் மாத்திரை வந்தது. காலையில் பாதி, மத்தியானம் பாதி, அதற்கு மேல் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். முக்கால் மணி நேரத்தில் மூச்சு சீராகும், நாலைந்து மணி நேரம் நிற்கும். கை மட்டும் நடுங்கும், படுத்தால் கண் மூடாது. கரண்டியைப் பிடிக்க முடியாமல் சிரிப்பாள். "பிழைச்சுக் கெடக்கேன்லா, நடுங்குனா நடுங்கட்டும்" என்பாள்.

அவளுக்கு வைத்தியம் பார்க்கும் ஜீவமணி டாக்டர் அந்த மாத்திரையை வாங்கிப் பார்த்தார். "இதை எண்ணித்தான் குடுக்கணும்வே. நான் போடுற அட்ரினலின் ஊசியும் இதுவும் ஒரே வகை. ஊசி அஞ்சு நிமிஷத்துல மூச்சுக்குழாயைத் திறந்துவிடும், சீக்கிரம் இறங்கியும் போயிரும். மாத்திரை மெதுவா ஏறி நின்னு வேலை செய்யும். ரெண்டையும் சேர்த்தா இருதயம் தாங்காது" என்று விளக்கமாகச் சொன்னார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை, அத்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இழுப்பு வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சு வரவில்லை. ஒரு முழு மாத்திரை கொடுத்தேன். கேட்கவில்லை. இன்னொன்று கொடுத்தேன். பத்து மணிக்குள் மூன்று கொடுத்துவிட்டேன். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. டாக்டர் வந்து ஊசியை எடுத்தார். "மாத்திரை ஏதும் குடுத்தீரா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர்" என்றேன். ஏசுவாரே என்ற பயம். உண்மையைச் சொன்னால் ஊசி போடாமல் போய்விடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

ஊசி இறங்கிய இரண்டு நிமிஷத்தில் முகம் வெளுத்துவிட்டது. மண்டை பிளக்கிறது என்று தலையைப் பிடித்தாள். கழுத்து நரம்பு துடித்தது எட்ட நின்ற எனக்கே தெரிந்தது. வாந்தி எடுத்துச் சாய்ந்தாள். டாக்டர் நாடியை விடாமல் பிடித்துக்கொண்டு, "தப்பித் தப்பி ஓடுது" என்று தனக்குள் சொன்னார். அந்த நிலையிலும் அவள் என்னைப் பார்த்தாள். மாத்திரையை விழுங்கியவள் அவளல்லவா? ஆனாலும் டாக்டரிடம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து நாடி அடங்கியது. இவளுக்கு இருதயம் பலவீனம், இனி இந்த ஊசி போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் மறுபடியும் இழுப்பு. டாக்டர் பையைத் திறக்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் காலைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். "கொல்லப் பார்த்தீரேவே. அந்தப் பழி என் தலையிலல்லா விழுந்திருக்கும்" என்றார். பிறகு வழக்கத்தில் கால் பங்கு மருந்தைப் போட்டுக் காத்திருந்தார், இன்னும் கொஞ்சம் போட்டார். மூச்சு வந்தது.

ஆனால் ஊசி கேட்கும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. அமினோபிலின் என்று வேறு வகை மருந்து இருக்கிறதாம். நரம்பில் மெல்ல ஏற்ற வேண்டுமாம். அட்ரினலின் கேட்காத இடத்தில் அது கேட்குமாம். அவசரமாக ஏற்றினால் மயக்கம் வரும், இருதயமே நின்றாலும் நிற்கும் என்று அதையும் டாக்டர் மறைக்கவில்லை. யுத்தத்தால் திருநெல்வேலியிலும் கிடைக்கவில்லை, மதுரையிலும் கிடைக்கவில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும், தோணியை ஓட்டும் தண்டல் மிக்கேல் பர்னாந்து, சரக்கை இறக்கியதும் தோணியைத் திருப்பிவிடுவார். எங்கே கேட்டாவது, யார் காலில் விழுந்தாவது ஒரு பெட்டி வாங்கிவிடுங்கள்.

மருந்தை மட்டும் அனுப்ப வேண்டாம். நீங்களும் அதே தோணியில் ஏறி வாருங்கள். சண்முகத்தாய் என்னை ஏசவில்லை. ஆனால் நான் தண்ணீர் கொடுத்தால்கூடத் தம்ளருக்குள் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள். அதை நான் கவனித்துவிட்டேன் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்று காலையில் இரண்டு மூச்சு எடுத்து, "அண்ணனை வரச் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம், அத்தான். வந்து உங்கள் கையால் அவளுக்கு மருந்து கொடுங்கள். நீங்கள் வரும்வரை அவளைச் சாய்த்து உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருப்பேன். அதற்கு மட்டும் இன்னும் என்னை விடுகிறாள்.

திருச்செந்தூர் முருகன் உங்கள் தோணிக்கு நல்ல காற்றைக் கொடுக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
செந்தில்வேல்