கால்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பு

மார்ச் 3
இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் நெம்புகோலைத் தள்ள வேண்டும். வண்டி ஓட்டத் தகுதி உண்டா என்று பார்க்கும் முதல் சோதனை. இடது கை விரல்கள் மடங்காததால் மணிக்கட்டைப் பட்டையால் நெம்புகோலோடு கட்டியிருந்தார்கள். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். கால்களுக்கு இதில் வேலை இல்லை. முதுகெலும்பு முறிந்ததிலிருந்து அவற்றுக்கு எதிலுமே வேலை இல்லை. சிவப்பு அணைந்த பிறகும் இருட்டில் கொஞ்ச நேரம் மிதந்தது. அதை வேடிக்கை பார்த்ததில் அடுத்த விளக்கைக் கோட்டை விட்டேன்.

சோதிப்பவர் எதற்கெடுத்தாலும் “ம்ம்” என்பார். அதனால் அவர் ம்ம்-அக்கா. “கை நல்லா வேலை செய்யுது. மனசுதான் அப்பப்ப ஊர் சுத்தப் போயிடுது,” என்றார். எதற்கு ஓட்ட வேண்டும் என்று கேட்டார். ஆபீஸ் போக என்றேன். அது பாதிதான். கணவர், அம்மா, நர்ஸ் என்று எப்போதும் யாராவது பக்கத்தில் இருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு தடவை தனியாக எங்காவது போக வேண்டும். இதைச் சொன்னால் எல்லோருக்கும் மனம் நோகும்.

மார்ச் 9
கனவில் எப்போதும் நடப்பேன். நேற்று ஓட்டினேன். கண்ணாடிக்கு வெளியே மேகம் மட்டும்.

மார்ச் 14
இவரோடு பயிற்சி. திருப்பம் வந்தாலே பக்கத்து இருக்கையில் இவர் கால் தரையை மிதிக்கிறது.
“அங்க பிரேக் இல்லீங்க. ஓட்டைதான் விழும்.”
“என் கால் என் பேச்சைக் கேக்கலடி,” என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மார்ச் 20
தேறவில்லை.

மார்ச் 21
நேற்று எழுத மனமில்லை. என் கால்கள் சில நேரம் தாமாகவே உதறும். எனக்கு அது தெரியாது. அதனால் பெடல்களை மறைத்து ஓர் இரும்புத் தட்டு மாட்டியிருக்கும். இவர் ஓட்டும்போது அதைக் கழற்றியாக வேண்டும். வண்டியைக் கழுவக் கொண்டுபோனவர் திரும்ப மாட்ட மறந்துவிட்டார். நானும் வானத்தைப் பார்த்தபடியே தேர்வுக்குக் கிளம்பிவிட்டேன்.

வேகத்தடையில் ஒரு குலுக்கல். வண்டி சீறியது. நான் இழுக்கவே இல்லையே — யாரு ஓட்டறா? கீழே பார்த்தால் என் கால், ஆக்ஸிலேட்டர் மேல். மொத்த உடம்பையும் சாய்த்து நெம்புகோலைத் தள்ளினேன். நின்றது. ம்ம்-அக்கா எஞ்சினை அணைத்தார்.

“நல்லா நிறுத்துனீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி காலைப் பார்த்தீங்களா?”
“இல்ல.”
“ம்ம். அப்போ இன்னைக்கு இல்லைம்மா.”

“என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்,” என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபமில்லை. காலைப் பார்த்தீங்களாவாம்! எப்படிப் பார்ப்பேன்? போர்வையால் மூடியே வைத்திருக்கிறேன். குளிக்கும்போதுகூடச் சுவரைத்தான் பார்ப்பேன். பார்க்கப் பிடிக்கல, அவ்வளவுதான்.

மார்ச் 30
போர்வையை விலக்கிப் பார்த்தேன். ரொம்ப மெலிந்துவிட்டன. முழங்கால் மச்சம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அழுதேன். அப்புறம் வறண்ட இடத்திலெல்லாம் கிரீம் தடவிவிட்டேன்.

ஏப்ரல் 17
மறுபடியும் தேர்வு. தட்டை அசைத்துப் பார்த்தேன். கால்களைச் சேர்த்து வைத்தேன். வழி நெடுக ம்ம்-அக்கா ஒரு “ம்ம்” கூடச் சொல்லவில்லை. இறங்கும்போது, “ஜாக்கிரதையா ஓட்டுங்க, இனிமே நான் பக்கத்துல இருக்க மாட்டேன்,” என்றார்.

ஏப்ரல் 26
மழை. சக்கர நாற்காலியை இவர்தான் பின்னால் ஏற்றினார். ஏற்றிவிட்டு, வழக்கம்போல முன்கதவைத் திறந்தவர், சற்று நின்று, மூடினார். “போயிட்டு வா.”

கிளம்புமுன் குனிந்து பார்த்தேன். “ரெண்டு பேரும் சமத்தா இருக்கணும்,” என்றேன் கால்களிடம்.

இப்போது ஏதோ ஓர் ஏரிக்கரை. கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிகிறது. மரமா கரையா என்று எதுவும் பிடிபடவில்லை. ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்து இதை எழுதுகிறேன். பக்கத்து இருக்கைக்குக் கீழே, விரிப்பில் இவர் மிதித்து மிதித்து விழுந்த பள்ளம்.

போன் வந்தது.
“எங்க இருக்கே?”
“தெரியலங்க,” என்றேன். சொல்லும்போதே சிரித்துவிட்டேன்.