மூன்று பாட்டில் தண்ணீர்

அக்டோபர் 14, செவ்வாய்.

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்த ஆறு வாரத்தில் மூன்றாவது முறையாக மூத்திரத்தில் கிருமி. சித்தூர் டாக்டரிடம் விட்டமின் சி மாத்திரை அட்டையைக் காட்டினேன். ஒரு வேளை தவறியதில்லை.

"மாத்திரை மட்டும் போதாதும்மா. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார்.

மருமகள் முந்திக்கொண்டாள். "மூணு பாட்டிலுங்க டாக்டர். நானேதானுங்க காய்ச்சி வெக்கறேன். அத்தை ஒரு சொட்டு மிச்சம் வெக்கறதில்லீங்க."

நான் திருத்தவில்லை. அந்தத் தண்ணீரைத் தினமும் கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகக் கொட்டிவிடுகிறேன். குடித்தால் மணிக்கொரு தரம் அவளைக் கூப்பிட வேண்டும். அவள் என் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கழுவிய பாத்திரத்தையே எத்தனையோ முறை நான் திரும்பக் கழுவ வைத்த பெண் அவள்.

வெள்ளிக்கிழமை அட்மிட் செய்து, மூத்திரம் தானே வடிய மறுபடி டியூப் போட வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். திரும்பும்போது காரில் அவள் அழுதாள்.

"நான் என்னங்க அத்தை தப்புப் பண்ணுனேன்?"

"கண்ணத் தொடை. டிரைவர் பாக்கறானில்ல" என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

போன முறை டியூப் போட்ட பிறகுதான் இந்தக் கிருமியும் காய்ச்சலும் ஆரம்பித்தது. இந்த முறை எழுந்து வருவேனா தெரியவில்லை. ஆனாலும் டாக்டர் டியூப் என்றதும், இனி அவளைக் கூப்பிட வேண்டியதில்லை என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.