வெளியேறும் தாள்

ஜன. 19, ஞாயிறு
காலையிலிருந்து தூசி மூட்டம். சவூதியின் இந்த அல் கோபாரில் கடல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் இருதய ஒப்பரேஷன். எனக்குப் புதன் பயணம். ஆரணிக்குப் பள்ளியில் பரீட்சை. அவள் இவரோடு நிற்பாள். இரண்டு கிழமைதான்.

நான் இந்த நாட்டை விட்டுப் போகவும் திரும்பி வரவும் இவர் தன் போனில் விசா எடுக்க வேண்டும். மனைவிக்கும் பிள்ளைக்கும் இங்கே அப்படித்தான். ஐந்து நாளாகக் கேட்கிறேன்.

"எடுப்பம். அவசரப்படுத்தாதையும்."

வாங்க: பனடோல், பேரீச்சம்பழம், அப்பாவுக்குச் செருப்பு (எட்டாம் அளவு). ஆ.வின் சட்டைக்குப் பொத்தான்.

மாமி, இவரின் அம்மா, போனில், ஸ்பீக்கரில்: "அங்கை இப்ப குளிரோ தம்பி? எத்தினை ஸ்வெட்டர் கொண்டரோணும்?" இவர் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார்.

ஜன. 20, திங்கள்
விசா வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்து, நான்காக மடித்து, பாஸ்போட்டுக்குள் வைத்துத் தந்தார். "எயர்போட்டிலை அப்பிடியே குடுத்தாக் காணும்."

மருந்துச் சீட்டு, பருப்புப் பை, எதில் எழுத்து இருந்தாலும் வாசிக்காமல் விடுவதில்லை நான். மூன்று வருடமாக இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே வேலை வாசிப்பு. விரித்தேன். ரீ-என்ட்ரி இல்லை. ஃபைனல் எக்ஸிட். போனால் போனதுதான். திரும்பி வர, இவர் புதிதாக விசா எடுத்தால்தான் உண்டு.

தவறி அழுத்தியிருப்பார் என்று நினைத்தேன். உண்மையாகவே, அரை மணி நேரம். தேங்காய் துருவினேன்.

ஜன. 21, செவ்வாய்
கேட்டேன். அவர் சப்பாத்துக் கழற்ற முன்பே.

"பிழையா அமத்திப்போட்டீங்களோ?"

"இல்லை. பேப்பர்தானப்பா. இஞ்சை இருந்தும் நீர் புத்தகத்துக்குள்ளைதானே. அங்கை அப்பாவைப் பாத்துக்கொண்டு நில்லும்."

"ஆரணி?"

"அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கெல்லே. அம்மா வாறா."

அப்படியானால் ஸ்வெட்டர் கேள்வி அதற்குத்தான்.

"அவளுக்கும் இதையே எடுங்கோ. ரெண்டு பேரும் போறம்."

"நான் எடுக்காட்டி அவள் எங்கையும் போக ஏலாது. உமக்குத் தெரியும்தானே."

கோபமில்லை. சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் கறி கேட்கிற குரல். நான் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவரே சொன்னார்: "விசா எடுத்த நாளிலையிருந்து அறுவது நாள் இருக்கு. நான் கான்சல் பண்ணாட்டி, அதுக்குப் பிறகு நீர் இஞ்சை கள்ளமாத்தான் இருப்பீர்."

ஆரணி பென்சிலைக் கடித்தபடி: "மம்மி, ஹூ வில் டூ மை ஹேர் வென் யூ கோ?"

ஜன. 22, புதன்
வெயில். விமானம் 4.40. ஒரு மணிக்கு வந்து ஹோர்ன் அடித்தார். பிறகு மேலே வந்தார்.

"வெளிக்கிடும்."

"நான் போகேல்லை."

திறந்து கிடந்த சூட்கேசைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உம்மடை அப்பா. உம்மடை இஷ்டம்." திரும்ப டியூட்டிக்குப் போய்விட்டார்.

4.40க்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே சட்டியை இரண்டு தரம்.

ஜன. 23, வியாழன்
மிச்சம் 57 நாள்.

பின்னேரம் அப்பாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தாயிற்று. தம்பிதான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பாவின் முகம் பாதி, தலையணை பாதி. வர முடியவில்லை என்றேன். காரணங்கள் யோசித்து வைத்திருந்தேன்: பரீட்சை, பிள்ளைக்குக் காய்ச்சல். அவர் கேட்கவே இல்லை.

"அது நல்லது பிள்ளை. மருமகனைத் தனிய விட்டிட்டு வாறது சரியில்லை. பாவம், அந்த மனிசன் உங்களுக்காகத்தானே அங்கை கிடந்து மாயுது."

"ஓம் அப்பா."

"பக்கத்திலை நிக்கிறாரோ? குடு, ஒரு வார்த்தை கதைப்பம்."

இவர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொடுத்தேன்.