பட்டன் தைத்துக் கழிகிற கடன்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் உன் சித்தி எனக்கு முன்னால் தெரிந்துகொண்டு மாடியேறி வந்து சொல்லியிருப்பாள். இங்கே அப்பாவுக்கு இடுப்பு நன்றாகத் தேறிவிட்டது, கைத்தடியை இப்போது ஊன்றுவதைவிட ஆளைச் சுட்டிக்காட்டத்தான் அதிகம் எடுக்கிறார். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிறு மட்டும் எரிகிறது, மருந்தில் அடங்குகிற எரிச்சல் இல்லை அது.

நீ எனக்குத் தெரியாமல் சித்தியிடம் வங்கிக் கணக்கு எண் கேட்டிருக்கிறாய். அவளாவது ரகசியமாக வைத்துக்கொண்டாளா? போன திங்கட்கிழமை கீழே அவள் தையல் கூடத்தில், பதினோரு மெஷின் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே, "அக்கா, உன் பொண்ணு மிச்சக் கடனை மொத்தமா நானே கட்டிடறேன்னு சொல்றா, தங்கம்க்கா அவ!" என்று கத்தினாள். பதினோரு மெஷினும் நின்றன. பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன்மேல் எனக்குக் கோபமில்லை கண்ணு, ஆனால் உனக்குப் பாதிக் கதைதான் தெரியும், மீதியைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

அப்பாவின் ஆபரேஷனுக்குச் சித்தியிடம் வாங்கியபோது அவள் கையெழுத்தே கேட்கவில்லை. பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். நான்தான் அவள் கேட்காமலே வட்டி போட்டு, இருபத்து நாலு தவணை போட்டு, அழகான கையெழுத்தில் ஒரு பத்திரம் எழுதி அவளுக்கு வாசித்தும் காட்டினேன். "என்னை என்ன வட்டிக்கடைக்காரின்னு நெனச்சியா?" என்று அவள் முறைத்தாள். எனக்கோ, எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்ற தங்கையிடம் சும்மா கை நீட்ட மனம் வரவில்லை. கடைசி வரி கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று, 'தவணை தவறினால் உழைத்தேனும் தீர்ப்பேன்' என்று முடித்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மாதிரிக் கடிதம் எழுதிப் போட்ட கை, வேறு எப்படி முடிக்கும்?

அப்போது என் டியூஷனுக்குப் பதினாலு பிள்ளைகள் வந்தார்கள், தவணை அதிலேயே போய்விடும் என்று கணக்குப் போட்டேன், ஒன்பது மாதம் போகவும் செய்தது. பிறகு தெருக்கோடி அட்டைப்பெட்டிக் கம்பெனி இடம் மாறியது, பாதிக் குடும்பங்கள் பின்னாலேயே போய்விட்டன. பதினாலு நாலாயிற்று. அந்த நாலு பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் சித்தி வேலை கொடுத்தாள், பள்ளிவிட்ட பிள்ளைகள் அங்கேயே துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கினார்கள். நாலு பூஜ்ஜியமாயிற்று. மூன்று தவணை தவறியது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரு நாள் மாடிப்படியில் வாளியோடு நிற்கிறேன், கீழே ஒரு பிள்ளை மூன்றில் ஒன்று பெரிதா நாலில் ஒன்று பெரிதா என்று தெரியாமல் விழிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நான் நாலு மாதம் வட்டம் வரைந்து காட்டியவள். சித்தி இரண்டு நாடாத்துணியை எடுத்து, ஒன்றை மூன்றாக மடித்தாள், இன்னொன்றை நாலாக மடித்தாள். "இதுல எதை வெச்சு தெச்சா உன் கை உள்ள போகும்?" என்றாள். பிள்ளை சட்டென்று பெரிய மடிப்பைத் தொட்டது. அவ்வளவுதான், பாடம் முடிந்தது. இதே கணக்குக்காகச் சின்ன வயதில் நான் உன் சித்தி காதைத் திருகியிருக்கிறேன் தெரியுமா? வாளித் தண்ணீரைப் பாதி படியிலேயே கொட்டிவிட்டு மேலே வந்தேன். உதாரணம் சொல்ல வேண்டுமென்றால், பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டால் நல்ல டீச்சருக்கும் முகம் சுருங்கும், இல்லையா, அதுதான் எனக்கு தினமும். உன் அப்பாவுக்கு நடைப்பயிற்சி என்றால் சித்தியின் கூடத்துக்குப் போய் வருவதுதான், அவள் எதையாவது சொல்ல இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். முப்பத்து நாலு வருஷத்தில் என் நகைச்சுவைக்கு அவர் அப்படிச் சிரித்ததில்லை. நீயும்தான், நான் பாடம் சொன்னால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வாய், அவள் ஒரு ஃபிராக் தைத்துக் கொடுத்தால் இரண்டு நாள் அவள் மடியைவிட்டு இறங்கமாட்டாய். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

கடைசியில் நானே இறங்கிப் போனேன். கைவளையல் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய், இதை வைத்துக்கொள், தவணையைப் பாதியாக்கு என்று கேட்டேன். அவள் பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மெஷின் டிராயரிலிருந்து என் பத்திரத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி, கடைசி வரியில் விரலை வைத்தாள். "உழைச்சுத் தீக்கறேன்னு நீதானே எழுதின? பட்டன் கட்ட ஆள் இல்லாம சட்டை குமிஞ்சு கெடக்கு, ஸ்டூலைப் போடட்டுமா?" என்றாள். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். ஸ்டூலைப் போட்டுவிட்டாள். கூலி எவ்வளவு என்று கேட்டேன், சொன்னாள், அக்காவுக்குக் கொஞ்சம் கூட்டிப் போடேன் என்றேன். "அக்காவுக்கு வேணா டீ தரேன், பட்டனுக்கு எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான்" என்றாள்.

முதல் நாள் நாலு சட்டை தைத்தேன், முப்பத்தாறு பட்டன். தையல் சாக்பீஸால் பதினொன்றில் பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு! "பட்டனுக்கு அடியில நூலைச் சுத்தி கழுத்து விடணும்க்கா, இல்லன்னா காஜா ஓட்டையில போட்டதும் அதுக்கு மூச்சு முட்டும்" என்றாள். பிரித்தேன், மறுபடி தைத்தேன். ஓவர்லாக் என்று ஒருத்தியைக் கூப்பிடுகிறார்கள், துணியோரம் அடிக்கிற அந்த மெஷினை ஓட்டுகிறாள், வாயும் அதைப்போலவே நிற்காது, அவள், "டீச்சர், இன்னிக்குப் பாஸா ஃபெயிலா?" என்று தினமும் கேட்கிறாள். என்னைவிட ஆறு வயது சின்னவளான உன் சித்தியை அத்தனை பேரும் அக்கா என்கிறார்கள், நான் வெறும் டீச்சர். அவள் ஊசி பிடிப்பதைப் பக்கத்திலிருந்து இப்போதுதான் பார்க்கிறேன். பேசிக்கொண்டே, பிள்ளையின் நோட்டைப் பார்த்துக்கொண்டே, கண்ணைத் துணியில் வைக்காமல் தைக்கிறாள். எனக்குக் கரும்பலகையில் அந்தக் கை இருந்ததா என்று யோசித்தால் பதில் வரமாட்டேன் என்கிறது.

நேற்று ஒன்பது சட்டை, ஒரே ஒரு பெருக்கல் குறி. பென்ஷனில் மருந்து போக மிஞ்சுவதையும் இந்தக் கூலியையும் சேர்த்தால் மாதம் ஒரு தவணை கழியும், பதினைந்து மாதத்தில் முடிந்துவிடும். அதனால் நீ பணம் அனுப்பாதே. கௌரவத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாய், முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? டியூஷன் நின்றதிலிருந்து சாயங்காலம் மாடியில் கடிகாரச் சத்தம்தான், கீழே அவர்கள் சிரிக்கிறது மட்டும் தரை வழியாக ஏறி வரும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மூன்று மாதம் பொருமிக்கொண்டு கிடந்தேன். இப்போது தெரிகிறது, பாதி என்னைப் பார்த்துத்தான். பரவாயில்லை. நீ மொத்தமாகக் கட்டிவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு, என்ன சாக்குச் சொல்லி நான் அந்த ஸ்டூலில் போய் உட்காருவது? அவளாக 'வா' என்று கூப்பிடமாட்டாள், நானாகப் போகவும் மாட்டேன், எங்கள் இரண்டு பேரையும் உனக்குத் தெரியும்.

அந்தப் பணத்தில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நல்ல கம்பளிச் சட்டை வாங்கு, வாங்கும்போது பட்டனை இழுத்துப் பார்த்து வாங்கு. இரண்டு பேரும் நிறைவாக, நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் அடக்கம், அவர் இப்போதும் கீழேதான் இருக்கிறார். ஒன்று மறக்காதே. சித்திக்கும் கடிதம் எழுதுகிறாயாமே. எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு எழுதுவதைவிட ஒரு பக்கமாவது குறைத்து எழுது, அவள் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவாள், எனக்குப் பக்கம் எண்ணத் தெரியும்.

அன்பும் முத்தமும்,
உன் அம்மா