ஒன்றரை நாள் கடிகாரம்

நாள் 611. காலை 7:40. மூன்றாம் பந்தல்.
கடிகாரம் 64 சதவீதம்.

கீரை பதினாறு பாத்தி, பீர்க்கு நான்கு கொடி, எல்லாம் உயிரோடு. தண்ணீர் அரைத் தொட்டி. காற்று மிஷின் ஓடுகிறது. வெளியே செம்புழுதி, மூன்றாவது நாள்.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் அவர்களுக்காகச் சொல்கிறேன். எழுதுவது பூவாயி, வயது எழுபத்தொன்று, ஐந்தாவது வரை படிப்பு. செவ்வாயில் இந்தப் பந்தலில் இரண்டே பேர். நான் கீரைக்கு. என் மருமகள் தமயந்தி மிஷினுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும். என் மகன் பேத்தி படிப்பைச் சாக்கு வைத்துப் பூமியிலேயே தங்கிக்கொண்டான். எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்க முடியாமல்தான் தங்கினான் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து ஆள் என்றால் 140 கிலோமீட்டர் தள்ளிப் பெரிய கூடாரத்தில் ரேடியோ பார்க்கிற செபாஸ்தி.

இன்று செபாஸ்தி ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறான். “புது மாடல் ஸ்மார்ட் கடிகாரம் எல்லாருக்கும் வாங்கலாமா வேண்டாமான்னு பந்தலுக்கு ஒரு பதில் வேணும் ஆச்சி.” தமயந்தி என்னைக் கேட்காமலே “வாங்கலாம்” என்று பதில் போட்டுவிட்டாள்.

என் பதில் வேண்டாம். கையில் கட்டியிருக்கிற இதுவே தண்டம். ஒன்றரை நாள்தான் தாங்கும். இங்கே வந்த புதிதில் இந்தக் கதவுக்கு என் இடுப்பில் ஓர் இரும்புச் சாவி இருந்தது. அதற்குச் சார்ஜ் வேண்டாம். ஜூன் 11 அன்று தமயந்தி அதை வாங்கிக்கொண்டு இதைக் கட்டிவிட்டாள். இப்போது வெளிக்கதவு, உள்கதவு இரண்டும் கடிகாரத்தைக் காட்டினால்தான் திறக்கும். அதுவும் நாடி துடிக்கிற கையில் இருந்தால்தான்.

மணிக்கு ஒருதரம் இது என்னை அதட்டும். “நீண்ட நேரமாக அமர்ந்திருக்கிறீர்கள். எழுந்து நடங்கள்.” என் மாமியார்கூட என்னை இப்படி விரட்டினதில்லை.

நாள் 611. காலை 11:20.
கடிகாரம் 52.

புழுதி கூடிவிட்டது. வெயில் தகட்டில் மண் மூடிக் கரண்ட் கால்வாசிக்கு வந்துவிட்டது. மேட்டில் இருக்கிற தகட்டைத் துடைக்கத் தமயந்தி வண்டியில் போயிருக்கிறாள். ஒன்பது கிலோமீட்டர். போகும்போது சொன்னது: “சுவர் பிளக்கை எல்லாம் அணைச்சிட்டேனுங்க அத்தை. இருக்கிற கரண்ட் காற்று மிஷினுக்கே பத்தாது. உங்க கடிகாரத்தைப் பத்திரமா வெச்சுக்கங்க.”

இரண்டு வருஷமாக அவளிடம் வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சு இல்லை. பூமியில் கிளம்பின அன்று, ஆகஸ்ட் 25, எடை கூடுகிறது என்று என் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை இறக்கி வைத்தவள் அவள். அவளுடைய புத்தகம் நான்கும் எடை கூடவில்லையாம்.

நாள் 611. மாலை 4:05.
கடிகாரம் 37.

வண்டி மண்ணில் புதைந்துவிட்டது. தமயந்தியிடமிருந்து வந்தது அப்படியே:

“அத்தை, காத்து அடங்கினதும் காலைல நடந்து வந்துர்றேனுங்க. உடுப்புல மூச்சுக்காத்து நாளை மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் வரும். என் கடிகாரம் அதுக்குள்ள செத்துரும். உங்களது உயிரோட இருந்தாத்தான் கதவு. ரேடியோவையும் அணைக்கறேன், அது தின்கிற பேட்டரியும் மூச்சுக்காத்து பேட்டரியும் ஒண்ணு. இனிமே பேச மாட்டேன். வெச்சிர்றேனுங்க.”

பந்தலில் குளிர் ஏறிவிட்டது. இருக்கிற காற்று ஒரு சின்ன அறைக்குத்தான் பத்தும். கீரைப் பக்கத்தை மூடிவிட்டு உள்கதவை ஒட்டின கதவறைக்கு வந்துவிட்டேன். ஒரு குளியலறை அளவு. பென்சிலும் நோட்டும் மட்டும் கூட வந்தன. கீரை நாளைக்குக் கருகிவிடும். முப்பத்தேழு சதவீதத்தை நாளை மத்தியானம் வரை இழுக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

ஒன்று எழுதியாக வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிப்பது எப்படி என்று பொங்கலன்று என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். “எனக்குத் தெரியும்” என்று எழுந்து போய்விட்டேன். எனக்குத் தெரியாது.

நாள் 612. காலை 6:10.
கடிகாரம் 19.

விடிந்ததும் கதவறைச் சுவரில் இருக்கிற ரேடியோவில் செபாஸ்தியைக் கூப்பிட்டேன். புழுதியில் அவன் குரல் விட்டுவிட்டு வந்தது.

“ஆச்சி, வெளிச்சத்தைக் குறைங்க. நடையை எண்ணுறதை நிப்பாட்டுங்க. செஞ்சிட்டியளா?”

“வெளிச்சம் குறைச்சாச்சு. மத்தது எங்க இருக்குன்னு தெரியல சாமி.”

“சரி, விடுங்க. ராத்திரி சும்மா படுத்திருந்தியள்லா, அதுக்கு எப்படி பதினெட்டு இறங்குச்சு? இவ்வளவு குடிக்காதே. அடிப்பக்கம் பச்சை வெளிச்சம் அடிக்கும்லா, நாடி பாக்குறது? அது மேல ஏதும் ஒட்டியிருக்கா?”

ஒட்டியிருக்கிறது. வரும்போதே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள். புதுசு கீறல் விழக்கூடாது என்று நான் உரிக்கவே இல்லை. வீட்டில் வாங்கின ஃப்ரிட்ஜுக்கும் உரித்ததில்லை, கட்டிலுக்கும் உரித்ததில்லை. இரண்டு வருஷ வேர்வையில் தாள் மஞ்சளாகிப் போயிருக்கிறது.

செபாஸ்தியிடம் சொன்னேன். அவன்: “அடப்பாவமே ஆச்சி. அது வழியா நாடி தெரியாம, வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி அடிச்சிருக்கு. ஒன்றரை நாள்னு நீங்க திட்டினியளே, மத்தவங்களுக்கு மூணு நாள் வருது.”

இரண்டு வருஷம் திட்டியிருக்கிறேன்.

கழற்றித் தாளை உரித்தேன். உரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கத்துவது விட்டுவிட்டுக் கேட்டது. “கழட்டா… ஆச்சி, கையிலேந்து கழட்டாதீ…”

நாள் 612. காலை 6:45.
கடிகாரம் 18.

கையை விட்டுக் கழற்றினால் பூட்டிக்கொள்ளுமாம். “நான்கு இலக்க எண்ணை உள்ளிடுக. மூன்று வாய்ப்புகள் உள்ளன.” மூன்றும் தப்பினால் பெரிய கூடாரத்துக்கு எடுத்துப்போய்த்தான் திறக்க முடியும் என்கிறான் செபாஸ்தி. எண் அவனிடம் இல்லை.

எண் தமயந்தி போட்டது. போட்ட அன்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால், இடுப்புச் சாவியைப் பிடுங்கின கையோடு அவள் சொன்ன வார்த்தை ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. “நீங்க ஒருநாளும் மறக்க மாட்டீங்க, அப்படி ஒரு தேதியைப் போட்டிருக்கேனுங்க அத்தை. நமக்குள்ள ஆகாமப் போன நாள்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்ன தேதி என்று கேட்கவில்லை. கேட்டால் நான் இறங்கிப் போனதாக ஆகிவிடும்.

ஆகாமப் போன நாள் ஒன்றா இரண்டா. எல்லாம் தேதியோடு என்னிடம் இருக்கிறது. இத்தனை நாள் அதில் எனக்கு ஒரு பெருமை. இப்போது அதில் எதை எடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நாள் 612. காலை 7:30.
கடிகாரம் 17.

1106 போட்டேன். சாவியைப் பிடுங்கின நாள். தப்பு.

நாள் 612. காலை 8:20.
கடிகாரம் 16.

2508 போட்டேன். ஊறுகாய் ஜாடி. தப்பு. இன்னும் ஒன்றுதான்.

செபாஸ்தி கூப்பிட்டான். “ஆச்சி, அவசரப்படாதீங்க. தமயந்தி அக்கா என்ன நினைச்சிருப்பாங்கன்னு யோசிங்க. உங்களுக்கு வலிச்ச நாள் இல்ல. அவங்களுக்கு வலிச்ச நாளா இருந்தா?”

பொடியன் சரியான இடத்தில் கை வைத்துவிட்டான்.

நாள் 612. காலை 10:50.
கடிகாரம் 14.

இரண்டரை மணி நேரம் அந்தத் தேதியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்கு அது முதலிலேயே தெரியும். எழுதக் கை வரவில்லை.

மே 22. கல்யாணமாகி எட்டாம் நாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். காப்பித் தட்டோடு வந்தாள், தாய் இல்லாமல் வளர்ந்த பெண். “அம்மா, எடுத்துக்கங்க” என்றாள். நான் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, “நான் உனக்கு அம்மா இல்ல. அத்தைன்னு கூப்பிடு. வேணும்னா உங்கம்மாவைத் தேடிட்டு வா” என்றேன். என் நாத்தனார் சிரித்தாள். இன்னும் நான்கு பேர் சிரித்தார்கள். ஒரு சொட்டு சிந்தாமல் எல்லாருக்கும் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் ஒருநாள்கூட வாய் தவறி அம்மா என்று கூப்பிட்டதில்லை.

பிறத்தியார் எனக்குச் செய்தது எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் செய்தது இது. இதுவும் மனப்பாடம்தான். எண்ணிக்கையில் சேர்க்காமல் தனியாக வைத்திருந்தேன்.

2205 போட்டேன்.

திறந்துவிட்டது.

நாள் 612. மத்தியானம் 12:55.
கடிகாரம் 2.

குளிரில் பேட்டரி சடசடவென்று இறங்குகிறது. ஜாக்கெட்டுக்குள் விட்டு, கையை வயிற்றோடு அணைத்து வைத்திருக்கிறேன். ஆடாமல் இருக்கிறேன். ஆடினால் நடை எண்ணும்.

இப்போதுதான் கதவு தட்டுகிற சத்தம். மூன்று தட்டு. வந்துவிட்டாள்.

செய்ய வேண்டியது இரண்டு. கடிகாரத்தை ஒருதரம் கதவோரச் சுவரில் இருக்கிற தட்டில் காட்டினால் வெளிக்கதவு. அவள் நடுக்கூண்டுக்குள் வந்து வெளிக்கதவு மூடினதும் இன்னொரு தரம் காட்டினால் கூண்டில் காற்று நிரம்பி உள்கதவு திறக்கும். இரண்டு தரம். இரண்டு சதவீதம் இருக்கிறது.

நாள் 612. மத்தியானம் 1:05.

முதல் தரம் சரி. உள்ளே வந்துவிட்டாள். வெளிக்கதவு மூடியாயிற்று.

இரண்டாம் தரம் காட்டக் கையை உயர்த்தினேன். உயர்த்தினதை அது ஓர் அடி நடந்ததாக எண்ணிக்கொண்டது. என் வயசுக்கு அது வைத்திருக்கிற இலக்கே நூறு அடிதான். “வாழ்த்துகள்! இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்!” திரை முழுக்க வாணவேடிக்கை. கலர் கலராக. கடைசிச் சொட்டு அதில் போய்விட்டது. கறுத்துவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். ஒரு முழம்தான் தூரம். கையைத் தூக்கி விரலால் காட்டுகிறாள். உடுப்பில் ஐம்பது நிமிஷம்.

நாள் 612. மத்தியானம் 1:12.

செபாஸ்தி சொன்னது: “ஒரு வழிதான் இருக்கு ஆச்சி. காற்று மிஷினை நிறுத்தினா, அந்தக் கரண்ட்டைச் சுவர் பிளக்குக்கு விடலாம். முப்பது நிமிஷம் சார்ஜ் ஏறினா கடிகாரம் எந்திரிக்கும். ஆனா நிறுத்தின மிஷின் திரும்பக் கிளம்புமான்னு என்னால சொல்ல முடியாது. அந்தச் சின்ன ரூம்ல நேத்துலேந்து பாதிக் காத்துலதான் இருக்கியள். உங்களுக்குத் தாங்குமா…”

“சுவிட்சு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு” என்றேன்.

தமயந்தி பார்த்துவிட்டாள். கண்ணாடியில் அடிக்கிறாள். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். நான் சொன்ன பேச்சை அவள் எப்போது கேட்டாள், அவள் சொல்வதை நான் கேட்க.

நிறுத்தியாயிற்று.

நாள் 612. 1:27.

தலை கனக்கிறது. மிஷின் சத்தம் நின்றதும் இவ்வளவு அமைதி.

புதுசு வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டீர்கள். இதை எழுதிக்கொள்ளுங்கள். பிளக்கை விட்டுப் பிரிந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று முதலில் கேளுங்கள். கலர் எத்தனை, நாடி பார்க்குமா, நடை எண்ணுமா என்பதெல்லாம் பிறகு. செத்தால் எதைக் கொண்டு கதவைத் திறப்பது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் வாங்காதீர்கள். இரும்புச் சாவி ஒன்றைக் கூட வைத்துக்கொண்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் வாங்குங்கள்.

வாங்கினால் அடியில் இருக்கிற தாளை உரித்துவிடுங்கள்.

1:36

கண்ணு இருட்டுது. தூங்கினா நம்பர் போட ஆளில்ல. செத்து எந்திரிச்சாலும் நம்பர் கேக்குமாம். 2205. மறக்க மாட்டேன். நோட்டுல எழுதிட்டேன், கண்ணாடியில மூச்சு விட்டு விரலால எழுதினேன். அந்தப் பக்கத்துலேந்து அவ படிச்சா. திருப்பிப் போட்டாப்ல தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் புரிஞ்சிருச்சு. கையைக் கண்ணாடியில வெச்சா. நானும்

1:43

எந்திரிச்சிருச்சு 1 சதவீதம். கையில கட்டிட்டேன். கை தட்டுல நிக்கல, ரெண்டு தரம் நழுவிருச்சு. முந்தானையால கையைத் தட்டோட சேத்துக் கட்டிட்டேன். விழுந்தாலும் கை விழாது.

2

2

0

5

1:44

உஸ்ஸுன்னு சத்தம். கூண்டுல காத்து ஏறுது. நிரம்ப ஆறு நிமிசமாம். அப்புறம் கதவு தானா திறக்கும். கடிகாரம் இனி செத்தாலும் அவளுக்கு ஒண்ணுமில்ல. மிஷின் சுவிட்சு எனக்கு எட்டல, கை கட்டியிருக்கு.

தமயந்தி, நீ உள்ள வந்து இதைப் படிச்சா. ஊறுகாயை மறந்துட்டேன். சாவியையும். அத்தைன்னு கூப்பிடாதே இனி. மே 22ல கூப்பிட்டியே அப்படி கூப்பிடு. கேக்குதான்னு பாக்கறேன்.

பென்சில் நிக்கல. உக்காந்துட்டேன். கை மட்டும் மேல கட்டியிருக்கு.

இன்னும் எத்தன நிமிசம்

கடிகாரம் அதிருது. என்னமோ சொல்லுது. திரை மங்கல். படிக்கறேன்

“நீண்ட நேரமாக அமர்ந்திருக்கிறீர்கள். எழுந்து நட